கோப்பையில் இடம் மாறிய கொம்பு

இதழாசிரியர் அவர்களுக்கு,

தொடக்கநிலை 4இல் படிக்கும் என் பேத்தி, ஆசிரியர் தினத்துக்காகத் தன் தமிழாசிரியைக்கு ஒரு பீங்கான் கோப்பை கேட்டாள். ‘என் தமிழாசிரியைக்கு’ என்று அதில் அச்சிட வேண்டும் என்றாள். இணையக் கடை ஒன்றில் பணம் கட்டினோம். மூன்றாம் நாள் கோப்பை வந்தது. பூக்களும் நிறமும் கண்ணைப் பறித்தன. ஆனால் ‘யை’யில் யகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் நின்றது. ‘கு’ உடைந்து, ககரம் ஓரிடத்திலும் உகரக் குறி வேறிடத்திலுமாகக் கிடந்தன. “இதை எப்படித் தாத்தா தமிழாசிரியரிடம் கொடுப்பது?” என்று கேட்டாள் குழந்தை.

பெயர் வெட்டுவதே என் தொழிலாக இருந்தது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் எவர்சில்வர் குடத்திலும் தூக்கிலும் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் கொத்தத் தொடங்கியவன் நான். பிறகு கேடயங்கள் செய்யும் கடைக்குப் போனேன். அங்கே பேன்டோகிராஃப் இயந்திரம் இருந்தது. பித்தளை அச்செழுத்துகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் பள்ளத்தில் ஒரு முனையை ஓட்டினால், மறுமுனையில் உள்ள வெட்டூசி அதே வடிவத்தைச் சிறிதாக்கித் தகட்டில் வெட்டும். எங்கள் கடைக்கு வந்த அச்செழுத்துகள் ஆங்கிலம் மட்டுமே. தமிழ்ப் பெயர் என்றால் நானே தாளில் வரைந்து, கையால் வெட்டுவேன். ஒரு கேடயத்துக்கு அரை நாள் போகும். ஆனால் ஒரு கொம்புகூட இடம் மாறியதில்லை.

இன்றைய இயந்திரங்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றை வியந்து பார்க்கிறேன். வலைத்திரை வழியே மையைத் தள்ளி அச்சிடும் திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை கட்ட வேண்டும் என்பதால், ஒரே ஒரு கோப்பை கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இப்போது தாளில் அச்சிட்ட படத்தைக் கோப்பையில் சுற்றி, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடம் அழுத்தினால் போதும். சாயம் ஆவியாகிக் கோப்பையின் பாலியஸ்டர் பூச்சுக்குள் இறங்கிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. மரத்திலும் அக்ரிலிக்கிலும் கார்பன் டை ஆக்சைடு லேசர் பெயரைப் பொறிக்கிறது. அந்த லேசரை 1964இல் உருவாக்கியவர், இந்தியாவில் பிறந்த குமார் படேல். புற ஊதா ஒளி பட்டதும் காய்ந்துவிடும் மையால் கண்ணாடியிலும் அச்சிடுகிறார்கள். ஒற்றைப் பொருளைக்கூட ஒருவர் பெயரில் மலிவாகச் செய்ய முடிவது இவற்றால்தான்.

அப்படியானால் கோளாறு எங்கே? கணினி ‘யை’யைச் சேமிக்கும்போது யகரத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் வைக்கிறது. திரையில் காட்டும்போது வரிசையை மாற்றி அடுக்குவது மென்பொருளின் வேலை. வடிவமைப்புக்கும் இயந்திரத்துக்கும் பயன்படும் சில மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. தமிழ் தெரியாத ஊழியர் கண்ணுக்கு அது சரியாகவே படும். தமிழ்க் கணிமைக்காக ‘தமிழ்நெட் 97’ மாநாட்டை 1997இல் நடத்திய ஊர் இது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றோர் அதற்காக உழைத்தார்கள். இங்கே தமிழ் ஆட்சிமொழியும்கூட. இந்த ஊரில் தமிழ் உடைந்து அச்சாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தமிழைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் எழுத்தை அமைத்து, அதைக் கோட்டுருவமாக, அதாவது கோடுகளால் ஆன படமாக, மாற்றிய பிறகே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது எதுவும் இடம் மாறாது. அச்சிடும் முன் மாதிரிப் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் பெறலாம். எங்களுக்கு அது வரவே இல்லை. வாங்குவோரும் தட்டச்சு செய்த சொல்லை மட்டும் அனுப்பாமல், எழுத்தைப் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள்.

நான் அப்படித்தான் எழுத்தை வரைந்து அனுப்பினேன். கடைக்காரர் மறுபேச்சின்றி வேறு கோப்பை அச்சிட்டுத் தந்தார். வியாழக்கிழமை பள்ளியில் கொண்டாட்டம். புதன் மாலைதான் கோப்பை கைக்கு வந்தது. தமிழில் பிழை பார்த்துத் தர ஆள் இல்லாத கடைக்காரர்கள் தங்கள் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம். கட்டணம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற பெயர் வெட்டுநர்,
ஈசூன்