மாசி மாதத் தீவனத்துக்கு மார்கழியிலேயே வழி செய்யுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தோவாளைப் பக்கம் கறவை மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. ஆனியிலும் ஐப்பசியிலும் வரப்பு, சானல் கரை, தென்னந்தோப்பு என்று எங்கே பார்த்தாலும் புல். தை பிறந்து மழை விலகியதும் சித்திரை வரை அதே புல்லுக்கு அலைகிறோம். வருஷா வருஷம் வருகிற தட்டுப்பாடுதான், ஆனாலும் வந்த பிறகுதான் பேச்சை எடுக்கிறோம்.

மழைக்காலத்திலாவது மாடு நிறைவாகத் தின்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இளம்புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். 25 கிலோ புல்லுக்கட்டைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாலும் 5 கிலோ உலர்தீவனம்தான் தேறும். 400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்தீவனமாவது வேண்டும். வயிறு முட்டத் தின்றும் சாணம் இளகிப் போகும், பால் சொசைட்டியில் பாலைச் சோதித்தால் கொழுப்பு குறைந்திருக்கும். வைக்கோல் கலந்து போட்டுத்தான் சமாளிக்கிறோம்.

மாசி, பங்குனியில் வைக்கோல் மட்டுமே மிச்சம். அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் வேலை செய்ய 7 சதவீதமாவது தேவை. அது கிடைக்காவிட்டால் வைக்கோல் செரிக்காமல் தங்கும், மாடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். பிண்ணாக்கு வாங்கி ஈடுகட்டினால் பால் காசு அப்படியே தீவனக் கடைக்குப் போய்விடும். கன்று ஈன்ற மாடு இந்த நேரத்தில் மெலிந்தால் சினைக்கு வருவதும் தள்ளிப்போகிறது. எங்களுக்குப் பெரிய அடி இதுதான்.

மழையில் மிஞ்சுகிற புல்லைப் பதப்படுத்தி வைக்க முடியும். கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் 45 நாளுக்கு ஒருமுறை அறுப்புக்கு வரும். விட்டுவிட்டால் தண்டு முற்றி மாடு ஒதுக்கும். கொட்டுகிற மழையில் அறுத்துக் குழியில் போட்டால் அழுகிவிடும். மார்கழியில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும்போது அறுத்து, அரை நாள் வாடவிட்டு, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் 45 நாளில் ஊறுகாய்ப்புல் தயார். மார்கழிக் கடைசியில் மூடிய குழியை மாசி நடுவில் திறக்கலாம்.

இதற்கு ஒவ்வொரு பால் சொசைட்டிக்கும் ஒரு புல் நறுக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் போதும். இரண்டு மாடு வைத்திருப்பவர் தனியாக வாங்க முடியாது.

அப்புறம் கும்பப்பூ அறுப்பு, அதாவது எங்கள் பக்கத்து இரண்டாம் போக நெல் அறுப்பு. இயந்திரம் சிதறிவிட்டுப் போகிற வைக்கோலை உடனே கட்ட ஆளில்லை. வியாபாரிகள் கட்டி, லாரியில் கேரளத்துக்கு அனுப்புகிறார்கள். விற்கிற விவசாயியை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் காசு வேண்டும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் குறைந்த வாடகையில் கொடுத்து, சொசைட்டியே நியாய விலைக்கு வாங்கினால் அது ஊரிலேயே நிற்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடிவைத்துச் சத்தேற்றும் முறையைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் மூலமாக ஊர் ஊராகச் செய்து காட்டுங்கள். அளவு தப்பினால் மாட்டுக்கு ஆபத்து என்பதால் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களில் மட்டுமாவது வருகிற மார்கழிக்குள் தொடங்குங்கள். குழி வெட்ட மேட்டு நிலமும் மிதிக்க ஆட்களும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தோவாளை வட்டாரப் பால் உற்பத்தியாளர் ஒருவர்