வேப்பெண்ணெய் செய்தியில ஒரு வரி குறையுது

ஐயா, வேப்பமரத்துல இருக்கிற நிம்போலைடுங்கிற வேதிப்பொருள் வீக்கத்தைக் குறைக்குதுன்னு உங்க பேப்பர்ல வந்த செய்தியைப் படிச்சேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் லேப்ல வளர்த்த உயிர்ச் செல்லுலயும் எலியிலயும் பார்த்தது, அதை எழுதாம விட்டா ஜனங்க நேரா வேப்பெண்ணெய் பாட்டிலைத்தான் எடுப்பாங்க. எங்க தெருவுல சளிக்குன்னு ஆறு மாசக் குழந்தைக்கு ஒரு சங்கு வேப்பெண்ணெய் புகட்டிட்டாங்க, கொஞ்ச நேரத்துல வாந்தி, அப்புறம் வலிப்பு, அந்தப் பிஞ்சுக் கை முறுக்கிக்கிட்டதை நானே பார்த்தேன், ஆட்டோல தூக்கிட்டு ஓடினோம், நல்லவேளை பிழைச்சுது. பச்சக் குழந்தைக்கு இது விஷமாகும்னு 1980கள்லயே மலேசியா டாக்டர்கள் எழுதியிருக்காங்க. இனிமே இப்படி செய்தி போட்டா செல்லுல பார்த்ததா, எலியிலயா, மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்ததா, குழந்தைக்குக் குடுக்கலாமான்னு கீழேயே ஒரு வரி சேர்த்துப் போடுங்க.

- ஒரு வாசகி, திண்டுக்கல்