பனியில்லாத ஊரில் பனிக்காலப் பராமரிப்பு: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

24 நவம்பர் 2025

அனுப்புநர்:
நாற்றுப்பண்ணை உரிமையாளர், கிராஞ்சி, சிங்கப்பூர்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள், தோட்ட இயந்திரப் பழுதுபார்ப்பு நிறுவனம், சிங்கப்பூர்

பொருள்: பழைய தோட்ட டிராக்டருக்குச் செய்யாத வேலைக்கும் தேவையில்லாத பொருளுக்கும் பணம் வாங்கியது

ஐயா,

வணக்கம். போனில் மூன்று முறை பேசியும் "மேலே சொல்கிறோம்" என்பதோடு நின்றுவிட்டது. நீங்களும் தமிழ் படிப்பவர் என்று உங்கள் கடைத் தம்பி சொன்னதால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் டிராக்டர் 2011இல் பழையதாக வாங்கியது. உட்கார்ந்து ஓட்டிப் புல்வெட்டும் வண்டி, ஒற்றை சிலிண்டர், 17 குதிரைத்திறன். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் 14 மாதம் தகரக் கொட்டகையில் கிடந்தது, டாங்கில் பாதி பெட்ரோலோடு. இங்கே டிசம்பரில்தான் மழை அதிகம். ஒரு வாரம் விட்டால் புல் முழங்காலைத் தொடும். சேற்றுப் பாதையில் மண் மூட்டைகளையும் இழுக்க வேண்டும். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு; ஜனவரி பிறந்ததுமே தொட்டியில் வளர்த்த ஆரஞ்சுச் செடி வாங்க ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் அக்டோபர் கடைசியில் உங்களிடம் அனுப்பினேன். நான் சொன்னது ஒன்றே ஒன்று: "மழைக்காலத்துக்கு ஓடுகிற மாதிரி செய்து கொடுங்கள்."

நவம்பர் 7ஆம் தேதி வண்டி வந்தது. பில் 740 வெள்ளி. அதில் 380 வெள்ளிக்கு ஒரு வரி: "பனிக்காலப் பராமரிப்புத் தொகுப்பு". அதாவது குளிர்நாட்டு 5டபிள்யூ-30 ஆயில், குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான ஒரு மருந்து பாட்டில், பின் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி ஒரு ஜோடி.

ஐயா, சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 19 டிகிரிதான். அதுவும் 1989 பிப்ரவரியில், பாயா லேபாரில். இதே மாதிரி டிராக்டரைக் குளிர்நாடுகளில் முன்னால் பலகை மாட்டிப் பனி தள்ள ஓட்டுகிறார்கள். அங்கே கெட்டியான ஆயிலில் எஞ்சின் சுற்றாது, அதனால் இந்த மெல்லிய ஆயில் சரி. எங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் அட்டவணை இருக்கிறது. 4 டிகிரிக்கு மேல் எஸ்.ஏ.இ. 30 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினில், நம் வெயிலில், மெல்லிய ஆயில் சீக்கிரம் குறையும் என்றும் எச்சரிக்கிறது. கையேட்டை வண்டியோடுதான் கொடுத்தனுப்பினேன். போட்ட பிளாஸ்டிக் பை பிரிக்காமலே திரும்பி வந்தது.

சங்கிலி சேற்றிலும் பிடிக்கும் என்று உங்கள் கடைத் தம்பி வாதாடினார். பிடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பாதையில் பாதி சிமெண்டுத் தரை, மீதி புல். சங்கிலி மாட்டி ஓட்டினால் புல்லை வேரோடு பெயர்க்கும். எப்படியும் நான் கேட்காத பொருள் அது.

சரி, வண்டியாவது ஓடியதா? எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து வைத்தால் ஓடியது, உள்ளே தள்ளினால் இருமிக்கொண்டே நின்றது. ஒப்படைத்த அன்று உங்கள் ஆள் சோக்கைப் பாதி இழுத்தபடியேதான் ஓட்டிக் காட்டினார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஊற்றிய ஆயில் எங்காவது தானாகக் கூடுமா?

"கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தது, 140 வெள்ளி" என்று பில்லில் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பாகத்தைக் கழற்றலாம் என்று கிட்டே குனிந்தபோதுதான் குளவிக் கூட்டைப் பார்த்தேன். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில், அதைப் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டின் தலை மேல், கட்டைவிரல் அளவுக்கு மண்கூடு. காய்ந்து கல்லாகிவிட்ட பழைய கூடு. ஸ்பேனர் வைக்க அதை நான்தான் உடைத்தேன். உடைப்பதற்கு முன் எடுத்த படம் இணைப்பில் இருக்கிறது. அந்தப் போல்ட்டைத் தொடாமல் கிண்ணத்தைக் கழற்ற எந்த மெக்கானிக்காலும் முடியாது.

உள்ளே பழைய பெட்ரோல் வற்றி, பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாகப் படிந்திருந்தது. பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் குத்தியபின்தான் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. பெட்ரோல் வரும் வழியை அடைக்க மிதவையோடு இருக்கும் ஊசியின் ரப்பர் முனை இறுகி, வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. அது சரியாக அடைக்காததால் வண்டி நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் சொட்டிச் சொட்டி சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. அப்படியே ஒரு மாதம் ஓட்டியிருந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்து போயிருக்கும். புது ஊசி, சரியான ஆயில், இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஆனது 62 வெள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பணம் போனதைக்கூட விடலாம். இனி எழுதுவதை விட முடியாது. சென்ற வியாழக்கிழமை எங்கள் பட்டுக்கோட்டைத் தம்பி புல் வெட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே விழுந்து கிடந்த கிளையை எடுக்க இறங்கினார். ஆள் எழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும், அதற்குத்தான் சீட்டுக்கடியில் சுவிட்ச். நிற்கவில்லை. பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கால் தள்ளி நின்றதால் தப்பித்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், சுவிட்ச் இணைப்பைப் பிடுங்கி, வளைத்த கம்பி ஒன்றைச் செருகி இரண்டு முனையையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சீட்டில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்க வசதியாக உங்கள் ஆள் செய்திருப்பார், அப்புறம் எடுக்க மறந்திருப்பார். அனுப்பும்போது அந்தக் கம்பி அங்கே இல்லை. இதற்கும் படம் இருக்கிறது. வேறு யாருடைய வண்டிக்கும் இப்படிச் செய்து அனுப்பியிருக்கிறீர்களா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள்.

பேட்டரி மாற்றியதிலும் லாரி வாடகையிலும் எனக்குக் குறையில்லை. பேட்டரி நன்றாகவே இருக்கிறது, அந்த 220 வெள்ளியை நான் கேட்கவில்லை. தொகுப்புக்கு வாங்கிய 380, கார்புரேட்டருக்கு வாங்கிய 140, நான் செலவழித்த 62, ஆக 582 வெள்ளியைத் தர வேண்டும். சீட் சுவிட்சை உங்கள் செலவில் ஒருவர் இங்கே வந்து சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பியை நான் எடுத்துவிட்டேன், இப்போது எழுந்தால் எஞ்சின் நிற்கிறது. இருந்தாலும் எழுத்தில் வேண்டும், அந்தத் தம்பியின் காலுக்கு நான் பொறுப்பு.

டிசம்பர் 8க்குள் பதில் வராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பில், படங்கள், நான் வாங்கிய பொருள்களின் ரசீது எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சங்கிலி இரண்டும் பிரிக்காத பெட்டியிலேயே, உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மாலை 5 மணிக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் லாரியை வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே வந்தால் புதைந்துவிடும். அப்புறம் எங்கள் டிராக்டரை வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணை உரிமையாளர்
கிராஞ்சி