ஒரே பாட்டு, ஆளுக்கொரு வேலை

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பேரனைக் கிட்டாருக்குக் கூட்டு வகுப்பில் சேர்ப்பதா, தனியாக ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பதா என்றாய். கூடவே, நானும் கிட்டார் கற்றுக்கொள்வதைப் பற்றி, “உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இந்த வேலை” என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடியில் சனிக்கிழமை மாலை கிட்டார் வகுப்பு. மொத்தம் 9 பேர். சின்னவனுக்கு 8 வயது. பெரியவள் நான்தான், 61. நடுவில் இரண்டு இன்ஜினியரிங் பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் கொலுசுக்காரர் ஒருவர், இப்படி. கொலுசுக்காரருக்கு விரல் நுனி ஏற்கெனவே காய்த்துப்போயிருக்கிறது. எனக்குத்தான் ஸ்டீல் கம்பியை அழுத்தி அழுத்தி முதல் மூன்று வாரம் வெங்காயம் உரிக்கக்கூட முடியவில்லை. அப்பா ஒரு நாள் சமைத்தார். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

முதல் நாள் நான் கிட்டாரைவிட வாத்தியாரைத்தான் அதிகம் கவனித்தேன். பழக்க தோஷம். ஏற்காட்டு மலையில் ஈராசிரியர் பள்ளியில் இருந்தவள் இல்லையா? 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனால், ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு டீச்சர் லீவு என்றால் எல்லாமே என் தலையில். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும்போது பாதிப் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்போது நாலாவது படிப்பவன் கழித்தலை மறந்திருப்பான், ரெண்டாவது படிக்கிற அவன் தங்கச்சி அவனுக்குச் சொல்லித் தருவாள். வயதையும் வகுப்பையும் பார்த்து உட்காரவைத்தால் அங்கே ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது கீழே சேலத்தில் பல டீச்சர்கள் முனகினார்கள். நாங்கள் ஏற்கெனவே ஏறக்குறைய அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த வாத்தியாரும் அதையே செய்கிறார். சி, ஜி என்று இரண்டே கார்டில், அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற இரண்டே பிடியில், ஓடும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். சின்னவனுக்கு மெல்லிய மூன்று கம்பிகள் மட்டும். இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் இருக்கும் முதல் கட்டத்தை, ஒரு விரலால் அழுத்தினால் சி. எல்லாவற்றிலும் மெல்லிய முதல் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் ஜி. ஒரு விரல் போதும், அவன் பாட்டுக்குள் வந்துவிட்டான். நானும் கொலுசுக்காரரும் முழுக் கார்ட் பிடித்து நாலு தட்டு தட்டுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்கிற கிளிப்பை மாட்டி, எங்கள் சி-யை ஜி வடிவத்திலும் எங்கள் ஜி-யை டி வடிவத்திலும் பிடித்து, கம்பி கம்பியாக மீட்டுகிறார்கள். பிடிப்பது வேறு, கேட்பது அதே சுரம். மூன்றும் சேர்ந்து முதல் தடவை ஒழுங்காக விழுந்தபோது அந்த எட்டு வயதுக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான் பார், நான்தான் ஏதோ வித்தை காட்டிவிட்டேன் என்பதுபோல.

குறை இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஆறு கம்பி, 9 பேருக்கு 54 கம்பி. சுருதி சேர்க்கவே ஒரு மணி நேரத்தில் கால் மணி போய்விடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, தப்பாக வாசித்தால் கூட்டத்தில் கேட்காது. நான் இரண்டு வாரம் ஜி கார்டில் ஒரு கம்பியைச் செத்த சத்தமாக வைத்துக்கொண்டே தப்பித்தேன். இப்போது முடிவில் ஆளுக்கு நாலு சுற்று தனியாக வாசிக்கச் சொல்கிறார், மாட்டிக்கொண்டேன். நீ பார்க்கப் போகும் வகுப்பில் இது உண்டா என்று கேள். இல்லையென்றால் சேர்க்காதே. டிரினிட்டி கிரேடுப் பரீட்சை எப்போது எழுதலாம் என்று முதல் மாதமே கேட்கும் பெற்றோர் இங்கேயும் இருக்கிறார்கள், நீ அந்த வரிசையில் நிற்க வேண்டாம். பையனுக்கு 7 வயதுதானே, அரை அளவுக் கிட்டார், நைலான் கம்பி. வளர்ந்தபிறகு ஆகுமே என்று பெரிதாக வாங்கிவிடாதே, அது சட்டை இல்லை.

அப்புறம் ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

உனக்கு 12 வயதில் ஒரு இடத்தில் சேர்த்துவிட்டேனே, அங்கே வயது பார்த்துப் பிரித்தார்கள். நீ மாமாவின் பழைய கிட்டாரில் அதற்கு முன்பே நாலைந்து கார்ட் பிடிப்பாய். உன் வயதுக்காரர்கள் எல்லாரும் புதுசு என்று உன்னையும் மூன்று மாதம் ஒற்றைக் கம்பியைத் தட்டவைத்தார்கள். போர் அடிக்குது என்றாய். “எதையும் முழுசாச் செய்யத் துப்பில்லை உனக்கு” என்றேன். நாள் முழுக்க மலையில் ஐந்து வகுப்பை ஒரே அறையில் நடத்திவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி வந்து உன்னிடம் இதைச் சொன்னேன். அந்த வகுப்பில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

உன் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. அதில்தான் நான் கற்றுக்கொள்கிறேன். சேலத்து வெயிலுக்குக் கழுத்து வளைந்து கம்பி ஒரேயடியாகத் தூக்கியிருந்தது. கடைக்காரர் ஆலன் கீ போட்டுக் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்தார், புதுக் கம்பியும் மாற்றினார். தூக்கியபோது உள்ளே ஏதோ கலகலவென்றது. கவிழ்த்துக் குலுக்கினால், நீ கம்பி மீட்டுகிற அந்த நீல நிறப் பிக்.

பொங்கலுக்கு வரும்போது சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடு. வாத்தியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எஃப் கார்ட் எனக்கு இன்னும் வரவில்லை, ஒரு விரலால் ஆறு கம்பியையும் எப்படித்தான் அமுக்குகிறார்களோ. உனக்கு அப்போதே வரும்.

அம்மா