கோயில் முற்றத்தை மாலையில் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள்

மொரீஷியஸ் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு எபென் சைபர்சிட்டியில் வேலை, வீடு காத்ர் போர்னில். வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. இன்னும் எத்தனை நாள் இந்தத் தீவில் இருப்போம் என்பது வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் நாலு வயதும் ஆறு வயதும் நாங்கள் ஊர் திரும்பும்வரை காத்திருக்காது. அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். பள்ளி நாட்களில் மாலை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை, கோயில் முற்றத்தைச் சின்னக் குழந்தைகள் விளையாடத் திறந்துவிடுங்கள். பாடம் வேண்டாம், போட்டி வேண்டாம். இடமும் நேரமும் போதும்.

வந்த முதல் வருடம் நானும் எல்லாரையும் போலத்தான் நினைத்தேன். வெளிநாட்டில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் கிளம்பிவிடுவோம். பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் தாம்பாளம் போல விரிந்து கிடக்கும் ராட்சத அல்லி இலைகள், பெரிய ஆமைகள், டிக்கெட் எடுத்துப் பார்க்கும் மிருகங்கள், கண்ணாடித் தரை போட்ட படகு என்று எதையும் விடவில்லை. எல்லாமே அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு திரும்பும்போது இரண்டும் களைத்துப்போய் அழும். திங்கள் முதல் வெள்ளி வரை நாலு சுவருக்குள் கார்ட்டூன். வாரத்தில் ஒரு நாளுக்கு மட்டும் சந்தோஷத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு, மீதி ஆறு நாளை நாங்கள் மறந்திருந்தோம்.

அப்புறம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் பறவையை இங்கே மார்த்தான் என்கிறார்கள். என் மகன் பார்த்த உடனே “அம்மா, மைனா!” என்றான். வெட்டுக்கிளியை ஒழிக்க 1762இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை அது என்று சொன்னதும், அதுவும் நம்மைப் போல் ஊரிலிருந்து வந்ததா என்று கேட்டு, தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தான். மழை விட்டால் வேலியோரம் பெரிய பெரிய நத்தைகள் வெளியே வரும். தொடக்கூடாது, கிருமி இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்த நத்தை முதலில் செடிக்குப் போய்ச் சேரும் என்று இரண்டும் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். மெட்ரோவில் க்யூர்பீப் வரை போய், இறங்காமல் திரும்பி வருவதே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் போதும்.

மகளுக்குப் பிடித்தது ரூபாய் நோட்டு. இந்த நாட்டு நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நான் தமிழ் எண்ணை இங்கே வந்துதான் அவளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால் நோட்டை நீட்டும் முன் அதில் உள்ள எண்ணை அவள் வாசிக்க வேண்டும், அதுதான் எங்கள் விளையாட்டு. நூறு ரூபாய் நோட்டில் படமாக இருக்கும் இந்த நாட்டு அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனை அவள் “நூறு ரூபாய்த் தாத்தா” என்பாள். புயல் எச்சரிக்கை வந்து பள்ளிக்கூடம் மூடும் நாட்களில், ஆறு குழியுள்ள முட்டை அட்டை இரண்டு, கூடவே இரண்டு கிண்ணம், இவற்றை வைத்துப் பதினாலு குழியாக்கிப் புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடுவோம். ஜனவரியில் காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மின்சாரமும் போய்விட்டது. அன்று பிள்ளைகள் பயப்படாமல் இருந்ததற்கு அந்தப் புளியங்கொட்டைகள்தான் காரணம்.

இவ்வளவும் அப்பா, அம்மாவால் செய்யக்கூடியவை. எங்களால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. இன்னொரு குழந்தையை எங்களால் உண்டாக்கித் தர முடியாது. கல்லா மண்ணா ஆட நாலு பேராவது வேண்டும். கண்ணாமூச்சிக்கு ஒளிய இடம் வேண்டும். ஊரில் இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. தெருவில் இறங்கினால் பிள்ளைகள் இருப்பார்கள், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே நாங்கள் இருக்கும் குடியிருப்பில், முற்றத்தில் பந்து விளையாடக்கூடாது, ஓடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் போய்க் கேட்டுப் பார்த்தோம், பதில் வரவில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் கார்கள். என் மகன் மாடியில் நின்று எதிர்வீட்டுப் பையனைப் பார்த்துக் கையாட்டுவான், அவனும் ஆட்டுவான். ஒரு வருடமாக அவர்களின் நட்பு அவ்வளவுதான்.

ஏன் கோயிலைக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு அடியில் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் பாய் விரித்து, பானை பானையாகச் சாப்பாடு வைத்திருந்தது. பாட்டி ஒருவர், சுற்றிப் பேரப்பிள்ளைகள். என் இரண்டு பேரும் சவுக்குக் காய் பொறுக்கிக்கொண்டே அவர்கள் பாய்க்குப் போய்விட்டார்கள். பாட்டி “சிராந்தான்!” என்று கூப்பிட்டார். பேரப்பிள்ளைகள் “சாம்பெக்!” என்று கத்தினார்கள். விடுகதை போடப்போகிறார் என்று அர்த்தம். “திலோ திபூட்?” நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது? கரும்பு. “திலோ பாந்தான்?” தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் எது? தேங்காய்.

இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டிருந்த என் மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்கள் ஆச்சி சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டாள். “மூணு கண் இருக்கு, சிவன் இல்லை. தண்ணி இருக்கு, மேகம் இல்லை. அது என்ன?” பிறகு அதைத் தட்டுத்தடுமாறிக் கிரியோலில் சொன்னாள். அதே தேங்காய்! பாட்டி கை தட்டிச் சிரித்தார். அவருக்குத் தமிழ், கோயிலில் பாடும் பாட்டாகத்தான் தெரியும் என்றார். பேரப்பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், ஆனால் வீட்டில் பேச ஆள் இல்லை. அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளைகள் “மூணு கண் இருக்கு” என்று ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். என் மகன் அந்தப் பாட்டியை “ஆச்சி” என்று கூப்பிட்டான். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது. அவர்கள் குடும்பம் வெள்ளிக்கிழமைதோறும் வரும் அதே கோயிலுக்குத்தான் நாங்களும் போகிறோம். ஒன்றரை வருடமாக ஒரே வரிசையில் நின்று திருநீறு வாங்கியிருக்கிறோம்!

கோயில் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? தைப்பூசக் காவடிக் கூட்டம் தெரியும், புது உடுப்பு தெரியும், “சத்தம் போடாதே” தெரியும். மேடையேறித் திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கவும் தெரியும். ஒப்பிப்பது நல்லதுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குத் தமிழ் மேடையில் மட்டும் வந்தால் போதாது. பாண்டி ஆடும்போது “கோட்டை மிதிச்சிட்டே!” என்று சண்டை போட வர வேண்டும். அதற்குத் தோழி வேண்டும், கோடு போட்ட தரையும் வேண்டும். பாண்டிக்கு இங்கே மாரெல் என்று பெயர். எந்தப் பெயரில் ஆடினாலும் எனக்குச் சம்மதம்தான்.

உங்களுக்கு என்ன தயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். சந்நிதியின் அமைதி கெடக்கூடாது. அதனால் உள்ளே வேண்டாம், வெளிமுற்றம் போதும், மழை நாளில் மண்டபத்தின் ஒரு பக்கம். மாலைப் பூஜை தொடங்கும் முன் எல்லாரையும் கிளப்பிவிடுகிறோம். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதாலும்தான் ஐந்தரை என்று சொன்னேன். குழந்தைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். அது சரியான கேள்வி. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடுதான் வர வேண்டும், விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், கூட்டிப் பெருக்குவது, முதலுதவிப் பெட்டி எல்லாம் தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். காத்ர் போர்னில் எனக்குத் தெரிந்த ஐந்து வீடுகள் இப்போதே தயார். அவற்றில் மூன்று, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்கள்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுதல். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வகுப்பின் முதல் அரை மணி நேரம் நோட்டைத் திறக்க வேண்டாம். ஒரு வாரம் தட்டாங்கல், ஒரு வாரம் விடுகதை. சிராந்தானும் சொல்லட்டும், அதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வயதான பாட்டிமார் இருந்தால் கூப்பிடுங்கள். தமிழ் பேசத் தெரியாது என்று அவர்கள் கூச்சப்பட்டால், அது தேவையில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு மாதம் மட்டும் திறந்து பாருங்கள். செவ்வாயும் வியாழனும் போதும். இடைஞ்சல் என்று தோன்றினால் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். தாண்டு கயிறு இரண்டு, மென்பந்து மூன்று, சுண்ணக்கட்டி ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கும், நாலு மணிக்கு வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வரும்
ஒரு தாய்,
காத்ர் போர்ன்