குருணை மருந்தும் தட்டான் குஞ்சும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நட்ட 20-ம் நாள் மேலுரம் போடும்போதே, பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் யூரியாவோடு குருணை மருந்தையும் கலந்து விசிறும் பழக்கம் டெல்டாவில் இருக்கிறது. நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கென்று ஏக்கருக்கு 7 முதல் 10 கிலோ வரை போடும் பிப்ரோனில் 0.3 சதக் குருணை, நேரே வயல் தண்ணீரில்தான் விழுகிறது. தட்டான்பூச்சியின் குஞ்சு வளர்வதும் அங்கேதான்.

நெல் தூரடியில் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் மொண்டு, சேறு படியும்வரை பொறுத்துப் பாருங்கள். சேற்று நிறத்தில் ஆறு காலோடு ஒன்று நகரும். முகத்துக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வும். பிப்ரோனில் நரம்புத் துடிப்பை அடக்கும் வழியையே அடைத்துவிடுவதால், மருந்து பட்ட குஞ்சுக்குக் கால் வெட்டி வெட்டி இழுக்கும், மல்லாந்துவிடும், இரை பக்கத்தில் வந்தாலும் பிடிக்காது.

கொசுப்புழுவும் சேர்ந்துதானே சாகிறது என்பார்கள். சாகிறதுதான். ஆனால் கொசு முட்டையிலிருந்து பத்து நாளில் பறந்துவிடும். வேகமாக வளரும் தட்டானுக்கே ஒன்றரை மாதம்போல் ஆகும். வீரியம் குறைந்ததும் முதலில் திரும்புவது கொசு, அதுவும் எதிரியில்லாத வயலுக்கு.

ஜப்பானின் ஷின்ஜி ஏரியைச் சுற்றிய வயல்களில் 1993-ல் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து வந்தது. ஏரியில் மீனுக்கு இரையாகும் சிற்றுயிர்கள் சரிந்தன. வகாசாகி மீன்பிடிப்பு ஆண்டுக்குச் சராசரி 240 டன்னிலிருந்து 22 டன்னுக்கு இறங்கியதாக 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மருந்தைத்தான் இங்கே நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வாங்குகிறோம்.

நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் அந்த நுனியில் குருத்துப்பூச்சி இட்ட முட்டைக்குவியல் வயலுக்கு வராது. நட்ட 30, 37-ம் நாட்களில் குருத்துப்பூச்சியின் முட்டையை அழிக்கும் சிறு குளவியான டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் ஒட்டிய அட்டையை ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) அளவில் கட்டலாம். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல், அல்லது 10 சதம் குருத்து காய்ந்திருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போட்டே ஆகவேண்டுமென்றால் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, வடிமடையை மண் வைத்து அடைத்து, தண்ணீரைத் தானாகச் சுண்ட விடுங்கள். மழை மூட்டம் இருந்தால் வேண்டாம். மறுநாளே மடையைத் திறப்பதுதான் பெரும் கெடுதல். ஒரு வயலின் நஞ்சு வாய்க்கால் வழியே குளம்வரை போய்விடுகிறது. தெளிப்பானையும் வாய்க்காலில் அலசக் கூடாது. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும்.

நடவு நடக்கும் இந்த நேரத்தில், தட்டில் தண்ணீர் மொண்டு பார்க்கும் முறையையும் முட்டைக்குவியலின் அடையாளத்தையும் உங்கள் வேளாண் பக்கத்தில் படத்தோடு வெளியிட வேண்டுகிறோம்.

— நீர்ப்பூச்சி ஆர்வலர்கள், மன்னார்குடி