செல்வாவுக்கு, அந்தப் பையனின் சம்பளம் பற்றி

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மூன்று நாளாக விடாத மழை, துணி காயவே இல்லை. மற்றபடி நலம்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதுதான் மனதிலேயே நிற்கிறது. உன் ஹோட்டல் சப்ளையர் பையன் சம்பளம் கூட்டிக் கேட்கிறான், 19 வயதுக்கு இதுவே அதிகம், சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கிறேன், கொடைக்கானலில் பழைய கூட்டமும் இல்லை என்கிறாய். கொடுத்துவிடு செல்வா. நீ மனமிரங்கித் தரும் பணம் இல்லை அது. ஏப்ரல் 1-லிருந்தே அவனுக்குச் சேரவேண்டியது.

நான் எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடமாக செக்ரோல், அதாவது ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேடு, எழுதுகிறவன். குறைந்தபட்சக் கூலியில் அடிப்படைச் சம்பளம் ஒன்று, அகவிலைப்படி ஒன்று. அடிப்படையை அரசு ஐந்து ஆண்டுக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். அகவிலைப்படி சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். ஹோட்டல் வேலைக்கும் இது உண்டு. உன் நோட்டில் அவன் பெயருக்கு நேரே இந்த இரண்டும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால், அதற்குப் பாக்கி என்றுதான் பெயர்.

18 தாண்டிவிட்டால் சட்டத்துக்கு அவன் முழு ஆள். ஒத்துக்கொண்டுதான் சேர்ந்தான் என்பதும் நிற்காது; குறைத்து வாங்கச் சம்மதித்துக் கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்பிலும் சரி, கூலி பணமாகப் போய்ச் சேரவேண்டும். சாப்பாட்டுக்கு நீயாக ஒரு தொகை போட்டுக் கழித்துக்கொள்ள முடியாது. படுக்க இடம் என்கிறாயே, கிரைண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் சுருட்டி வைத்திருந்த பாயைப் போன தடவை நான் பார்த்தேன்.

கூட்டம் இல்லை என்பது உண்மைதான். 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, அடுத்த ஏப்ரலில் சீசனுக்கு நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. உங்கள் பக்கம் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. எங்கள் மலையிலும் கடைக்காரர்கள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் முதலாளிக்கு முடியவில்லை என்பது குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே கேரளக் கூரை ஓட்டுத் தொழில் வழக்கில் சொல்லிவிட்டது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலைக்காரர்கள் வழக்கில் இன்னும் கடுமையாகச் சொன்னது: அதற்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே அந்த மெஸ்ஸில் நாம் இரண்டு பேரும் டம்ளர் கழுவிய டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? பச்சைத் தண்ணீரில் உன் விரல் கணுவெல்லாம் வெடித்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு விறகடுப்புப் பக்கத்தில் கையை நீட்டி உட்கார்ந்திருப்பாய். மாசக் கடைசியில் "சீசன் இல்லையேப்பா" என்று பாதிச் சம்பளத்தைக் கையில் வைத்தார்கள். பஸ் ஏறும் வரை அந்த நோட்டுகளை நீ எண்ணிக்கொண்டே இருந்தாய். "அம்மாகிட்ட என்னடா சொல்றது" என்று நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மொத்தமாகத் தர முடியாவிட்டால் இரண்டு தவணையாகக் கொடு, ஆனால் எந்தத் தேதியில் தருவாய் என்று இப்போதே அவனிடம் சொல்லிவிடு. சம்பள நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, கணக்கை நான் போட்டுத் தருகிறேன். பாத்திரம் கழுவும் அக்கா பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. அவர் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதே.

அன்புடன்,
சந்திரன்